ஆக்ரா ரோட்டு வெங்காயம்

குர்லா மேற்கில், பெயர்ப்பலகை எல்.பி.எஸ். மார்க் என்று சொல்லும் சாலையைப் பழைய ஆட்கள் இன்னும் ஆக்ரா ரோடு என்றே சொல்கிறார்கள். தப்பில்லை. சயானில் தொடங்கி குர்லா, காட்கோபர், முலுண்ட் வழியாகத் தானேக்குப் போய், பிவண்டியைத் தொட்டு, கசாரா மலையேறி, நாசிக்கைக் கடந்து ஆக்ராவரை ஓடிய நெடுஞ்சாலையின் நகரத்துத் துண்டு அது. நாம் சாம்பாரில் போடும் வெங்காயமும் அதே சாலையின் மறுகோடியில்தான் லாரி ஏறுகிறது. ஆனால் அந்தச் சாலையைப் பிடித்து நேராகக் குர்லாவுக்கு வந்துவிடுவதில்லை.

கமானி பக்கம் நான் காய் வாங்கும் கடைக்காரர் திருநெல்வேலிச் சீமைக்காரர். ஒரு நாள் வெங்காயம் கிலோ நாற்பது என்றார்.

"போன வாரம் முப்பத்தஞ்சுதானே அண்ணாச்சி?"

"டீசல் ஏறிட்டுல்லா தம்பி!"

மும்பைத் தமிழில் கால் கிலோவும் பாவ், விலையும் பாவ், வடைக்கு நடுவில் பிளக்கும் ரொட்டியும் பாவ். இந்தியில் விலைக்கு மட்டும் வேறு உச்சரிப்பு; தமிழ் எழுத்துக்கு வந்தால் மூன்றும் ஒன்று. விலை விசாரிக்கிறவன் பாடு அதைவிடக் குழப்பம். டீசல் எவ்வளவு ஏறினால் வெங்காயம் ஐந்து ரூபாய் ஏறும்? மறுகோடியிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வரலாம் என்று தோன்றியது.

மறுகோடி லாசல்காவ், நாசிக் மாவட்டத்தின் பெரிய வெங்காயச் சந்தை. டிராக்டர் டிராலிகளில் குவித்துக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஏலம் குவிண்டால் கணக்கில் நடக்கும். மார்ச்சிலிருந்து மே வரை நிலத்திலிருந்து எடுக்கும் வெங்காயத்தை, காற்று புகும் மூங்கில் கொட்டகைகளில் மழைக்காலம் முடியும்வரை வைத்திருப்பார்கள். அந்தக் கொட்டகைக்குப் பெயர் காந்தா சாள். காந்தா என்றால் வெங்காயம். சாள், மும்பையில் மில் தொழிலாளிகள் குடியிருந்த அதே சாள்தான். உழவில் ஒரு டீசல், சந்தைக்கு வர ஒரு டீசல் என்று செலவு இங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. ஆனாலும் இந்தச் சந்தையில் விலையைத் தூக்குவதும் தள்ளுவதும் பெரும்பாலும் மழையும் டெல்லியும். 2023 ஆகஸ்டில் மத்திய அரசு 40 சதவீத ஏற்றுமதி வரி போட்டதும் நாசிக் வியாபாரிகள் ஏலத்தையே நிறுத்தினார்கள். டிசம்பரில் ஏற்றுமதிக்கே தடை வந்தது. இதற்கெல்லாம் டீசல் பொறுப்பாகாது.

பிம்பள்காவ் பஸ்வந்தில் லாரி ஆக்ரா ரோட்டில் ஏறுகிறது. அங்கே ஒரு டோல். நாசிக் தாண்டினால் கோட்டியில் ஒன்று. இகத்புரிக்கப்புறம் கசாரா மலைப்பாதை. வெங்காயத்துக்கு இது இறக்கம். காலியாகத் திரும்பும்போதுதான் ஏற்றம். மும்பை–நாக்பூர் சம்ருத்தி நெடுஞ்சாலையின் கடைசித் துண்டு 2025 ஜூனில் திறந்த பிறகு, மலையைக் குடைந்த ஏறக்குறைய 8 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் போய், பிவண்டி பக்கம் வெளியே வரவும் வழி உண்டு. பழைய வழியே வந்தால் ஷஹாபூர், பட்காவில் இன்னொரு டோல், பிவண்டி.

இந்த இடத்தில் கணக்கைப் போட்டுவிடுகிறேன். லாரியில் 15 டன். லிட்டருக்கு 4 கிலோமீட்டர். லாசல்காவிலிருந்து, லாரி சரக்கை இறக்கும் வாஷி மண்டிக்குப் போய்வர ஏறக்குறைய 450 கிலோமீட்டர் என்றால் 110 லிட்டருக்குச் சற்று மேல். டீசல் லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏறினாலும் கூடுதல் செலவு 1,100 சொச்சம்தான். 15,000 கிலோவுக்குப் பங்கு போட்டால், கிலோவுக்கு ஏழெட்டுக் காசு.

நம்ப முடியாமல் இரண்டாம் தடவையும் போட்டேன். அதே ஏழெட்டுக் காசு. ஒப்பிட அரசுக் கணக்கு ஒன்றும் உண்டு. 2024 அக்டோபரில் நாசிக்கிலிருந்து டெல்லிக்கு 1,600 டன் வெங்காயத்தை 'காந்தா எக்ஸ்பிரஸ்' என்று ரயிலில் அனுப்பியபோது, ரயிலுக்கு 70.20 லட்சம், அதையே லாரியில் அனுப்பினால் 84 லட்சம் என்றது மத்திய அரசு. லாரிக் கணக்கில் கிலோவுக்கு ஐந்தேகால் ரூபாய். அது டெல்லி தூரத்துக்கு, டிரைவர் படி, டோல் எல்லாம் சேர்த்து ஆகும் முழு வாடகை. குர்லா அதில் நான்கில் ஒரு பங்கு தூரம்கூட இல்லை.

தானேயில் ஆக்ரா ரோட்டையே பிடித்து வந்தால் முலுண்ட், பாண்டுப், காட்கோபர், அடுத்தது குர்லா. லாரி அப்படி வராது. கல்வா பக்கம் திரும்பி, ஐரோலி வழியாக, வாஷி மண்டி இருக்கும் துர்பேக்குப் போகும். மஸ்ஜித் பந்தரில் இருந்த வெங்காய உருளைக்கிழங்கு மண்டியை 1980களில் வாஷிக்கு மாற்றியதிலிருந்து இதுதான் வழி. மண்டியில் மூட்டையைத் தோளில் வாங்குகிறவர்கள் மாத்தாடிகள். 1969இல் அவர்களுக்கென்றே மகாராஷ்டிரம் சட்டம் கொண்டுவந்தது. இறக்குகூலி, எடைகூலி, கமிஷன், மறுபடி ஏற்றுகூலி. இவையெல்லாம் டீசல் குடிக்காதவை.

விடியுமுன் சின்ன டெம்போ கிளம்புகிறது. வாஷி கடற்கழிப் பாலம், மான்குர்த், செம்பூர், குர்லா. இருபது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் தூரம். இப்போது பல டெம்போக்கள் சி.என்.ஜி.யில் ஓடுகின்றன. மும்பையில் 2022 ஏப்ரல் 1 அன்று வரிக்குறைப்பால் கிலோ 60 ரூபாய்க்கு இறங்கிய சி.என்.ஜி., ஆகஸ்டில் 86 ஆனது. போகவர மூன்று கிலோ எரிவாயு. கூடுதல் செலவு 78 ரூபாய். ஏற்றியிருப்பதோ ஒரு டன். ஆக, கிலோவுக்கு எட்டுக் காசு. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் மலையும் டோலும் கடந்து லாரி கூட்டிய அதே காசை, இந்தக் கூப்பிடு தூரத்தில் டெம்போ கூட்டிவிட்டது. சின்ன வண்டி, சின்ன பாரம், சிக்னலுக்குச் சிக்னல் நின்று எரிவது.

இரண்டும் சேர்ந்து பதினாறு காசு என்றே வையுங்கள். அதை எப்படி வாங்குவது? 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. 50 காசு சட்டப்படி செல்லும். குர்லா மார்க்கெட்டில் நீட்டிப் பாருங்கள். டெம்போக்காரர் 78 ரூபாய் கூடக் கேட்க மாட்டார், இருநூறு கேட்பார். அவருக்கு டயரும் பிள்ளைகளின் ஃபீஸும் இருக்கின்றன. மண்டியில் அது ரூபாயாகும். தெருவில் ஐந்தாகும். அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. மூட்டைக்குள் அழுகியது எவ்வளவு, வழியில் கைமாறியது எவ்வளவு என்று என்னிடம் பிரித்துச் சொல்ல அவருக்கு நேரமில்லை. 'டீசல்' என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. நான் கேட்டது என் கெட்ட குணம்.

இறங்கும்போது மட்டும் இந்தச் சொல் வாயில் வருவதில்லை. 2021 அக்டோபரில் மும்பையில் டீசல் நூறு ரூபாயைத் தாண்டியது; நவம்பரில், தீபாவளியை ஒட்டி, மத்திய அரசு கலால் வரியில் பத்து ரூபாய் குறைத்தது. 2024 ஜூலையில் மும்பை, தானே, நவி மும்பைக்கு மட்டும் கூடுதலாக இருந்த டீசல் வாட் வரியை மாநில அரசு 24இலிருந்து 21 சதவீதமாக்கியது; டீசல் தொண்ணூறுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. இதில் எதையும் அண்ணாச்சியின் தராசு கேள்விப்படவில்லை.

கணக்கு எழுதிய தாளை அவரிடமே காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"பதினாறு காசா?" என்றார். "சரிதான். சில்லறை வச்சிருக்கியளா?"

நாற்பது ரூபாய்க்கே ஒரு கிலோ நிறுத்தார். முன்பெல்லாம் பையைக் கட்டுமுன் கேட்காமலே ஒரு பிடி கொத்துமல்லியும் நான்கு பச்சை மிளகாயும் உள்ளே விழும். கொசுறு. அன்று கை கொத்துமல்லிக் கட்டுவரை போய், அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுத் திரும்பி வந்தது.