767 பைற்

அப்டேற் பொத்தானை அமத்தினது நான்தான். இரவு பதினொரு மணி. தேடலுக்கான பிளகின் ஒன்று. அடுத்த நிமிடம் கட்டுரைகள் இருந்த இடத்தில் பிழைச் செய்தி.

“பாக்கப் எடுத்தனியோ?” எண்டு அண்ணா போனில் கேட்டார். நான் கதைக்கேல்லை. இடப்பெயர்வைப் பற்றி அம்மம்மா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்ததும் அந்தத் தளத்தில்தான் கிடந்தது. அவ போன வருசம் மோசம் போயிட்டா. என்னட்டை வேறு பிரதி இல்லை.

“முதல்ல டேற்றாபேஸை அப்பிடியே எக்ஸ்போர்ட் பண்ணு. பிறகு அழலாம்.”

பண்ணினேன். பிறகுதான் பிழைப் பதிவை வாசித்தோம். இன்டெக்ஸின் நீளம் 767 பைற்றைத் தாண்டுதாம். பிளகின் உருவாக்கப் பார்த்த புது அட்டவணையில் 255 எழுத்துப் பத்திக்கு இன்டெக்ஸ். யூரிஎஃப்8எம்பி4 எழுத்துக்கு 4 பைற் கணக்குப் பார்க்கும், 1020 வருகிறது. எங்கள் சேர்வரில் இருந்த மைஎஸ்கியூஎல் 5.6 அதை ஏற்காது. வேர்ட்பிரஸ் தன்ர இன்டெக்ஸ்களை 191 எழுத்தோட நிப்பாட்டுறதும் இதாலதானாம் (191ஐ நாலால் பெருக்கிப் பாருங்கோ).

பிளகின் கோப்பில் 191 ஆக்கினோம். ஒண்டும் அசையேல்லை. அதுக்குத்தான் ஒரு மணித்தியாலம் போச்சு. பிளகின் அட்டவணையை உருவாக்க முதலே தன்ர புதுப் பதிப்பு எண்ணை ஒப்ஷன்ஸ் அட்டவணையில் எழுதிவிட்டிருந்தது. வேலை முடிஞ்சுது எண்ட நினைப்பு அதுக்கு! எண்ணைப் பழையபடி மாற்றின பிறகே மைக்ரேஷன் திரும்ப ஓடியது.

அம்மம்மாவின் பக்கத்தைத் திறந்தேன். ஒரு வரியும் குறையவில்லை. அண்டைக்கு அவசரத்தில் நான் விட்ட எழுத்துப்பிழைகளும் அப்படியே. விடிய பிரின்ற் எடுத்து அம்மாவிடம் குடுத்தேன். அவ கண்ணாடியைத் தேடிக்கொண்டு போனா.