மூன்றை ஏற்றி இரண்டை இறக்குதல்

தயோஃபீன் வளையத்தின் மூன்றாம் இடத்தில் மட்டும் ஒரு புரோமின் வேண்டுமென்றால் நேர்வழி உதவாது. புரோமினை ஊற்றினால் அது கந்தகத்தின் இரு பக்கத்து இடங்களான 2-க்கும் 5-க்கும்தான் முதலில் ஓடும். ஆகவே மூன்று புரோமினை ஏற்றிவிட்டு, வேண்டாத இரண்டைத் துத்தநாகத் தூளாலும் அசிட்டிக் அமிலத்தாலும் கழற்றுகிறோம். ஸ்வீடன் வேதியியலாளர் கிரோனோவிட்ஸின் பெயரில் 1964-இல் 'ஆர்கானிக் சிந்தசிஸ்' வரிசையில் வந்த முறை இது.

துத்தநாகத்தைவிட வலுவான உலோகம் இல்லையா? இருக்கிறது. ஆனால் சோடியத்தைப் போட்டால் எது வேண்டும், எது வேண்டாம் என்று அது பார்க்காது. துத்தநாகத்துக்குக் கந்தகத்தை ஒட்டிய புரோமின்களைப் பிடுங்கும் அளவுக்கே தெம்பு; மூன்றாம் இடத்துப் புரோமினிடம் வந்ததும் ஓய்ந்துவிடும். எனக்கு அந்தப் பலவீனம்தான் வேண்டும்.

தொல்லையெல்லாம் துத்தநாகத்தின் தோலில். பழைய டின்னில் இருக்கும் தூளின் மேல் ஆக்சைடு படிந்திருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் கலக்கி, தண்ணீரிலும் ஆல்கஹாலிலும் கழுவிய பிறகே நான் போடுவேன். அசிட்டிக் அமிலமே உரித்துவிடும் என்பார்கள் சிலர். உரிக்கும்தான், ஆனால் எப்போது என்று அவர்களுக்கும் தெரியாது. இன்னொன்று, துத்தநாகம் கனமானது. காந்தக் கலக்கி அதை அடியில் சேறாகக் கிடக்கவிட்டு மேலே வெறும் திரவத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். மேலிருந்து இறங்கும் மோட்டார் கலக்கிதான் சரி. கொதிக்கும் கலவையில் டிரைபுரோமைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால், வினையின் சூடே கொதிப்பைத் தாங்கிப் பிடிக்கும். அவசரப்பட்டால் கண்டன்சரைத் தாண்டி வந்துவிடும்.

எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை மாஸ் ஸ்பெக்ட்ரம் படமாகவே காட்டும். புரோமினுக்கு 79, 81 என்று இரண்டு ஐசோடோப்புகள், ஏறக்குறைய சரிபாதி. அதனால் மூன்று புரோமின் இருந்தால் 318-இலிருந்து 324 வரை நான்கு முனைகள், 1:3:3:1. ஒன்று கழன்றால் 240-இல் தொடங்கி மூன்று. கடைசியில் 162-உம் 164-உம் ஒரே உயரத்தில் இரட்டைபோல் நிற்கும். அந்த 240 கூட்டம் கரையாமல் நின்றால் நான் முதலில் சந்தேகிப்பது கலக்கியைத்தான்.

மாணவனாக இருந்தபோது வடிதாளில் கேக்காக மிஞ்சிய துத்தநாகத்தை உறிஞ்சி உறிஞ்சி நன்றாகக் காயவிட்டேன், சுத்தமாக வேலை செய்கிறேன் என்ற பெருமையோடு. தாளோடு குப்பைக் கூடையில் போட்ட சிறிது நேரத்தில் புகை கிளம்பியது. "கேக்கைக் காயவிடாதடான்னு சொன்னேன்ல?" என்று கத்திக்கொண்டே சீனியர் அண்ணன் ஓடிவந்து மணலைக் கொட்டினார்.

இப்போது வடிகட்டும் வேலையே இல்லை. துத்தநாகம் கிடக்கும் குடுவையிலிருந்தே நேராக வடிக்கிறேன். நீராவியோடு எண்ணெய் வந்து, தண்ணீரைவிடக் கனமென்பதால் பாத்திரத்தின் அடியில் நிறமற்ற முத்துகளாக உருளும்.