நினைவில் நிற்கும் நட்பு



நட்பினை ஆராய்ந்த திருவள்ளுவர், 79ஆம் அதிகாரம் முதல் 83ஆம் அதிகாரம் வரை ஐந்து அதிகாரங்களை அதற்கென ஒதுக்கினார். அவற்றுள் 'நட்பாராய்தல்' என்பதும் ஒன்று. ஆராய்ந்து நண்பரைத் தேரும் அறிவு எமக்கு இளமையில் இருந்ததில்லை. எனினும் நல்ல நண்பர் ஒருவர் எமக்கு வாய்த்தார்.

1983ஆம் ஆண்டு, எமக்கு வயது 14. தோட்டத் தமிழ்ப்பள்ளியையும் புகுமுக வகுப்பையும் முடித்து, பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் பயின்று வந்தோம். ஒருநாள் கடுமையான தொண்டைவலி கண்டது; தானே தணிந்தது. மூன்று வாரம் சென்றபின் காய்ச்சலுடன் முழங்கால் வீங்கியது. அது வற்றுமுன் கணுக்கால் வீங்கியது. வளர்கின்ற பிள்ளைக்குக் கால் வலிப்பது இயல்பே என்று வீட்டார் தைலம் தேய்த்தனர்.

மருத்துவமனைக்குச் சென்ற பின்னரே அது வாதக் காய்ச்சல் எனத் தெரிந்தது. தொண்டையில் தொற்றும் ஒருவகைக் கிருமியின் பின்விளைவு அது. மூட்டுவலி நீங்கிவிடும், ஆனால் நோய் மீண்டும் மீண்டும் வருமாயின் இருதயத்தின் வால்வுகளைக் கெடுத்துவிடும். ஆகவே 21 வயது வரை, நான்கு வாரத்திற்கு ஒருமுறை பென்சிலின் ஊசி தவறாது போட்டுக்கொள்ள வேண்டும் என்றார் மருத்துவர்.

பள்ளி விட்டதும் தோட்டத்துப் பேருந்து புறப்பட்டுவிடும். ஆதலால் ஊசி நாள்களில் எம் நண்பர் ஆறு கல் தொலைவையும் மிதிவண்டியில் கடந்து பள்ளிக்கு வருவார். எம்மை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, வீடு சேர்ப்பார். ஊசி போட்ட இடம் கடுக்குமென்று பின்னிருக்கையில் கோணியை மடித்து வைத்திருப்பார். செம்மண் மேடு வந்தால் இறங்கித் தள்ளுவார். எம்மை மட்டும் இறங்க விடமாட்டார். யாம் பள்ளிக்கு வாராத நாள்களின் பாடங்களை எழுதிக் கொடுத்தவரும் அவரே.

1985ஆம் ஆண்டில் உடல் நன்கு தேறியிருந்தது. நோய்தான் போய்விட்டதே என்றெண்ணி, ஓர் ஊசி நாளில் பந்து விளையாடச் சென்றோம். "வீட்டில் சொல்லாதே" என்று நண்பரைக் கேட்டுக்கொண்டோம். அவரோ அன்று மாலையே எம் தந்தையாரிடம் சொல்லிவிட்டார். பிரம்படி கிடைத்தது, மறுநாள் ஊசியும் போடப்பட்டது. காட்டிக்கொடுத்தவன் என்று பலர் முன்னிலையில் அவரை இகழ்ந்தோம். அதன்பின் அவருடன் பேசவில்லை.

அடுத்த ஊசி நாள் வந்தது. பள்ளி வாயிலில் அவர் மிதிவண்டியுடன் நின்றார். கோணியும் மடித்தபடி இருந்தது. "ஏறு, நேரமாகிறது" என்றார். வேறொன்றும் கூறவில்லை. யாமும் ஏறினோம்.

அவ்வாண்டு எஸ்.ஆர்.பி. தேர்வுக்குப் பின் யாம் படிவம் நான்கிற்குச் சென்றோம். அவர் குடும்ப வறுமையால் பால்வெட்டச் சென்றார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் யாம் பயின்ற காலத்திலும் அவரிடமிருந்து அஞ்சலட்டை வரும். "ஊசி போட்டாயிற்றா?" என்ற ஒரு வரியே அதில் இருக்கும்.

இன்று எம் இருதயத்தில் குறையொன்றுமில்லை. அன்று இகழ்ந்ததற்கு மன்னிப்புக் கேட்க எமக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. கேட்டபொழுது அவர் சிரித்து, "பிரம்படி மிகவும் வலித்ததா?" என்றார்.

பெற்றோர்களே, காய்ச்சலுடன் வரும் தொண்டைவலியை எளிதாக எண்ணாதீர், மருத்துவரிடம் காட்டுவீர். கொடுத்த மருந்தை முழுவதும் உட்கொள்ளச் செய்வீர். மாணவமணிகளே, நண்பனின் உயிருக்குத் தீங்கு தரும் இரகசியத்தைக் காப்பது நட்பாகாது. சினந்தாலும் சொல்லிவிடுங்கள், சொன்னபின் அவனைக் கைவிடாதீர்கள். எம் நண்பர் எமக்குக் கற்பித்த பாடம் இதுவே.