அம்பயர் யாருப்பா?

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு தி.நகர் சோமசுந்தரம் கிரவுண்டுக்குள் நுழைந்து பாருங்கள். ஒரே மைதானத்தில் ஏகப்பட்ட மேட்ச்! ஒரு டீமின் லாங் ஆன், அடுத்த டீமின் ஸ்லிப்புக்குப் பக்கத்தில் நிற்பார். எந்தப் பந்து எந்த மேட்ச்சுக்குச் சொந்தம் என்பது அடித்தவருக்கே வெளிச்சம்.

ஆனால், அத்தனை மேட்ச்சுக்கும் ஒரு சட்டம் பொது. எல்.பி.டபிள்யூ. கிடையாது! மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய சந்துகளிலும், அடையாறு தாண்டி பெசன்ட் நகர் பீச் மணலிலும் இதே கதைதான். காரணம் சிம்பிள். அம்பயராக நிற்பது பேட்டிங் டீம் ஆள். முதல் பந்திலேயே அவுட்டாகிக் கடுப்பில் இருப்பவரையோ, பதினோராவதாக இறங்கப் போகிறவரையோ பிடித்து நிறுத்துவோம். அவர் தன்னோட கேப்டனுக்கு விரலைத் தூக்குவாரா என்ன? அதனால சட்டத்தையே தூக்கிட்டோம்!

இப்போது அடையாறிலிருந்து சர்தார் படேல் ரோட்டில் கிண்டி பக்கம் வாருங்கள். வலது கைப் பக்கம் சிவப்புக் கட்டடமாக நிற்கிறதே, கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ்... அங்கே படித்த ஒருத்தர், நாம் தூக்கி எறிந்த அந்த வேலையை உலகம் முழுக்கப் போய்ச் செய்தார். எஸ்.வெங்கட்ராகவன்.

1945-ல் பிறந்த மெட்ராஸ்காரர். 1965-ல், 19 வயதில், அன்றைய கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் (இப்போது நேரு ஸ்டேடியம்) நியூஸிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். நம்ம செகண்ட் இயர் பசங்க வயசு பாஸ்! அதே தொடரில் டெல்லி டெஸ்ட்டில் 12 விக்கெட். அதில் ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட், 72 ரன்னுக்கு.

அப்புறம் நேர்கோடாக ஏறிப் போயிருப்பார்னு நினைச்சா, அதுதான் இல்லை. பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட் என்று நான்கு பெரிய ஸ்பின்னர்கள் ஒரே காலத்தில். பிரசன்னாவும் ஆஃப் ஸ்பின்னர்தான் என்பதால், 'இவரா, அவரா' என்ற கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. 1983 வரை நீண்ட கரியரில் ஆடிய டெஸ்ட் 57, எடுத்த விக்கெட் 156.

1975, 1979 என முதல் இரண்டு உலகக் கோப்பைகளிலும் இந்தியாவுக்கு கேப்டன் இவர். ஜெயித்தது ஒரே ஒரு மேட்ச்! 1979-ல் இங்கிலாந்தின் ஓவல் மைதானத்தில், 438 ரன் இலக்கைத் துரத்தி 429-ல் நின்ற அந்தப் புகழ்பெற்ற டிராவிலும் கேப்டன் அவர்தான். அந்தத் தொடர் முடிந்து ஊர் திரும்பும் விமானத்தில், 'இனி கவாஸ்கர் கேப்டன்' என்று பைலட் மைக்கில் சொன்னார் என்பது கிரிக்கெட் வட்டாரத்தில் பிரபலமான கதை.

வேற ஒருத்தரா இருந்தா, 'போதும்டா சாமி' என்று வீட்டில் உட்கார்ந்திருப்பார். வெங்கட் 1993-ல் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு மறுபடி கிரவுண்டுக்குள் வந்தார். இந்த முறை அம்பயராக!

அப்போது நம்ம தெரு பிரச்னைதான் உலக கிரிக்கெட்டிலும். உள்ளூர் நாட்டு அம்பயர்கள்தான் டெஸ்ட்டில் நிற்பார்கள். தோற்றுப்போகும் டீம், 'அம்பயர் அவங்க ஆளு' என்று முணுமுணுக்கும். 1994 முதல் ஒரு பக்கம் மூன்றாவது நாட்டு அம்பயர், 2002 முதல் இரண்டு பக்கமும் என்று ஐ.சி.சி. மாற்றியது. 2002-ல் எட்டுப் பேரோடு தொடங்கிய எலைட் பேனலில் இருந்த ஒரே இந்தியர் வெங்கட். 2004-ல் ஓய்வு பெறும்போது கணக்கு: 73 டெஸ்ட். ஆடியதைவிட 16 அதிகம்!

இத்தனைக்கும் டி.ஆர்.எஸ். சோதனைக்கு வந்ததே 2008-ல்தான். பந்து எங்கே பிட்ச் ஆனது, காலில் படாவிட்டால் ஸ்டம்ப்பில் பட்டிருக்குமா... எல்.பி.டபிள்யூ. முழுக்க, நடக்காத ஒன்றைக் கணக்குப் போடும் வேலை. வெங்கட் காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. கண், காது, ஒரு விநாடி. அவ்வளவுதான். எதிரே கத்துவது யார், கிரீஸில் நிற்பது யார் என்று பார்க்காமல் சொல்கிற மனசும் வேண்டும்.

பௌலராக எல்.பி. கேட்டுக் கத்தியவர், கேப்டனாகத் தோற்றவர், பதவி போனவர். விரலைத் தூக்கும்போது எதிரில் இருப்பவருக்கு என்ன வலிக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் தூக்கியதால்தான் எல்லா நாட்டுக்காரர்களும் அவரை நம்பினார்கள்.

கேம்பஸ் இன்டர்வியூவில் முதல் கம்பெனி கழற்றிவிட்டதும் லைஃபே முடிந்ததாக ஹாஸ்டல் கட்டிலில் குப்புறப் படுக்கும் நண்பர்களுக்கு இந்த 57-ஐயும் 73-ஐயும் சொல்லுங்கள்.

அப்படியே ஒரு சின்ன சேலஞ்ச். அடுத்த ஞாயிறு, உங்க டீம் பேட்டிங் பண்ணும்போது ஒரு அஞ்சு ஓவர் அம்பயரா நில்லுங்க. எல்.பி.டபிள்யூ. உண்டுன்னு ரெண்டு டீம்கிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க. பந்து உங்க கேப்டன் பேடில் நச்சுனு பட்டு, பௌலர் உங்க முகத்தைப் பார்ப்பான் பாருங்க... ஆட்டமே அப்பதான் ஆரம்பம்!