“காலேஜ் பேரு கெட்டுடும் சார்”

பூந்தமல்லி - ஆவடி சாலைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அங்கேயே பி.இ., எம்.இ. படித்து, அங்கேயே உதவிப் பேராசிரியராகவும் சேர்ந்தவர் என் கட்சிக்காரர். 2024 கோடையில் வேலையை விட்டார். சேரும்போது வாங்கி வைத்த அசல் சான்றிதழ்களை நிர்வாகம் திருப்பித் தரவில்லை. ஆசிரியர் பட்டியலிலிருந்து அவர் பெயரையும் எடுக்கவில்லை.

அந்த ஜூலையில்தான் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆதாரங்களோடு வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 224 இணைப்புக் கல்லூரிகளில், 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள் என்றது. ஆதார் எண்ணை மாற்றிக் கொடுத்து இது நடந்ததாகத் துணைவேந்தரே பிறகு சொன்னார்.

எங்கள் கோர்ட் கேன்டீனிலும் பேச்சு அதுதான். மகன் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி கேம்பஸில் படித்த வக்கீல், “அது பிரைவேட் காலேஜ்காரன் பண்ண வேலை, கேம்பஸுக்கு என்ன சம்பந்தம்?” என்றார். மகளைத் தனியார் கல்லூரியில் சேர்த்தவர் விடவில்லை: “இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்து ஓகே சொன்னது யாரு? யூனிவர்சிட்டி ஆளுங்கதானே?” பெருமை பேசும்போது, கிண்டிக் கல்லூரிக்கு வேரான, 1794-இல் தொடங்கிய சர்வே பள்ளி வரைக்கும் போவோம். ஊழல் என்றதும் கல்லூரியின் எல்லை காம்பவுண்டுச் சுவரோடு நின்றுவிடுகிறது.

கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய நோட்டீஸின் வரைவைக் கட்சிக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். ‘மோசடி’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டு, ‘முறையற்ற செயல்’ என்று எழுதித் தந்தார் அந்தப் பெண்.

“நான் படிச்ச இடம் சார்.”

சரி என்று விட்டுவிட்டேன். சட்டப்படி அதனால் நமக்கு நஷ்டமில்லை.

நோட்டீஸ் போன மறுவாரம் அவருடைய வகுப்புத் தோழர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் சாஃப்ட்வேர் வேலை. “கேஸ் போட்டா பேப்பர்ல வந்துடும். காலேஜ் பேரு கெட்டுடும் சார். எங்க எல்லார் ரெஸ்யூம்லயும் அந்தப் பேருதானே இருக்கு?” அவர் பயம் பொய்யில்லை, கல்விக் கடன் போட்டு வாங்கிய பட்டம். ஆனால் சேர்மன் மேல் ஒரு துளிக் கோபமில்லை. கோபமெல்லாம் கேட்டவள் மேல். வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை நீக்கியாயிற்று என்பதையும் அவரே சொன்னார். என் கணக்கில் அவர் காத்தது கல்லூரியை அல்ல, பட்டத்தின் விலையை. கல்லூரிமேல் பாசம் வைத்தவர், அந்த ஒரு சொல்லை அடித்தவர்தான்.

பூந்தமல்லி நீதிமன்றத்தில் செயலுறுத்துக் கட்டளை கேட்டு வழக்குப் போட்டோம். வாதம் எளிமையானது. இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 171, பாக்கிக்காகப் பிறர் பொருளைப் பிடித்து வைக்கும் பொது உரிமையை வங்கி உள்ளிட்ட சிலருக்கு மட்டுமே தருகிறது. கல்லூரி அதில் இல்லை. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டை நிறுத்திவைக்க வக்கீலுக்கே உரிமையில்லை என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (எங்களில் பலருக்கு இன்னும் அது கசக்கிறது.)

எதிருரை தாக்கலாகவே இல்லை. இரண்டாவது வாய்தாவுக்கு முன்பே கல்லூரியின் வக்கீல் அசல் சான்றிதழ்கள் இருந்த கவரோடு வந்தார். பட்டியலிலிருந்து பெயரையும் எடுத்துவிட்டார்கள். வழக்கைத் திரும்பப் பெற்றோம்.

கல்லூரியில் வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு ஒன்று: அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். வேலையை விட்ட பிறகு, அந்தக் கல்லூரியின் இணையதளத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.