ஏழு நாள் வாசம்

லால்குடியில் ஏழு ரிஷிகள் தவம் செய்தார்கள் என்பது ஐதிகம். திருத்தவத்துறை என்ற பழைய பெயரும், சப்தரிஷீசுவரர் சந்நிதியும் அதற்குச் சான்று. ஆனால் சித்திரை வெயிலில் நம் போன்றவருக்குத் தவம் பலிப்பதில்லை. மனம் கோடைக்கானலுக்கு ஓடிவிடுகிறது.

அங்கே விடுதிக் கம்பெனி ஒன்றில் நாங்கள் அங்கத்தினர். வருஷத்துக்கு 7 நாள் வீதம் 25 வருஷம் தங்கலாம். பள்ளிக்கூட விடுமுறையில் அறை கேட்டால், ஊரெல்லாம் அதே வாரத்தைத்தான் கேட்கிறது. போனாலும் போகாவிட்டாலும் வருஷச் சந்தா கட்டியாக வேண்டும்.

"சின்னதாய் ஒரு வீடே வாங்கிவிட்டால் என்ன?" என்றாள் என் மனைவி.

கணக்குப் போட்டேன். அங்கத்தினருக்குக் கிடைப்பது மொத்தம் 175 நாள். அரை வருஷங்கூட இல்லை. சொந்த வீடோ பிள்ளைகளுக்கும் சேரும். ஆனால் வருஷத்தில் 50 வாரம் அது பூட்டிக் கிடக்கும். மலை மழையில் சுவரில் ஓதம் ஏறும். காவல், வரி, பழுது எல்லாம் நம் தலையில்.

இங்கே, தகப்பனார் கட்டிய வீட்டின் ஓடு பிரிந்து கிடக்கிறது. முதலில் அதை வேய்வது. அறை கிடைத்த வருஷம் மலை, கிடைக்காத வருஷம் கொள்ளிடக் காற்று என்று தீர்மானித்தோம். 2018-ல் பூத்த குறிஞ்சி இனி 2030-ல் பூக்க வேண்டும். அதைப் பார்க்க 7 நாள் தாராளம்!