ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆளுமைப் பயிற்சி வகுப்பு வேண்டுமா?



என்னிடம் படித்த ஒரு பெண் போன வாரம் திருப்பூரிலிருந்து போன் செய்தாள். மகன் இரண்டாம் வகுப்பு. வீட்டில் ஓயாமல் பேசுகிறவன் பள்ளியில் வாயே திறப்பதில்லையாம். சனி, ஞாயிறுகளில் ஆளுமைப் பயிற்சி வகுப்பு நடக்கிறது, சேர்க்கட்டுமா டீச்சர் என்று கேட்டாள். உங்களில் பலரும் இப்போது அப்பா, அம்மா ஆகிவிட்டதால் என் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நம்ம போடிப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஏலக்காய் சீசனில் விடியும் முன்னே ஜீப் வந்துவிடும். அம்மா தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு முந்தல், போடிமெட்டு வழியாக மலையேறினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். எட்டு வயது அக்கா தானும் தலை சீவி, தம்பிக்கும் சட்டை மாட்டி, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளிக்கு வரும். பொறுப்பு, தைரியம், அடுத்தவரைக் கவனிப்பது எல்லாம் அந்தப் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் வகுப்பில் எழுந்து நின்று ஒரு வரி வாசிக்கச் சொன்னால் கால் நடுங்கும். வீட்டில் அவளை நம்பி வேலை கொடுத்திருக்கிறார்கள். வகுப்பிலோ பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அந்த நடுக்கம் அதனால் வருவதுதான்.

இன்னொரு சிரமமும் உண்டு. காய் எடுப்பு மும்முரமாகும்போது சில குடும்பங்கள் பிள்ளைகளோடு பத்து, பதினைந்து நாள் எஸ்டேட்டிலேயே தங்கிவிடும். திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும். பிள்ளை கடைசி வரிசையில் போய் ஒடுங்கிவிடும். அடுத்த சீசனில் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று சொல்லும். இப்படி நின்றுபோன பிள்ளைகளை நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு ஒரு வழியைக் காட்டியது செயல்வழிக் கற்றல். ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளியில் வளர்ந்த முறையைப் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். முன்னின்று நடத்தியவர் எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். 2007-08இல் அது மாநிலம் முழுக்க வந்தது. அப்போது என்னிடம் ஒன்று முதல் நான்கு வரை படித்தவர்களுக்கு அட்டைகளும் கற்றல் ஏணியும் நினைவிருக்கும். பெஞ்சை விட்டுப் பாயில் வட்டமாக உட்காருவீர்கள். ஏணியில் தன் படி எது என்று பார்த்து, அந்தச் சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு குழுவுக்கு ஆசிரியர் உதவுவார், இன்னொன்றுக்குச் சக மாணவர் உதவுவார், ஒரு குழு தானாகவே செய்யும். சுவரின் கீழ்ப்பகுதியில் உங்கள் உயரத்துக்குக் கரும்பலகை இருக்கும். வருகையை நீங்களே குறிப்பீர்கள். ஆரோக்கியச் சக்கரத்தைப் பார்த்து ஒருவருக்கொருவர் நகம், பல், தலை சோதிப்பீர்கள்.

நம்ம ஊருக்கு இதில் கிடைத்த பெரிய நன்மை, மலையிலிருந்து பதினைந்து நாள் கழித்து வரும் பிள்ளை தான் விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம் என்பதுதான். ‘நீ பின்தங்கிவிட்டாய்’ என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

குறையும் இருந்தது. அட்டைகள் தொலையும், கிழியும். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் பதிவேடு எழுதியே கை ஓய்ந்துவிடும். “பிள்ளை தரையில உக்காந்து விளையாடுது, பாடம் எப்ப நடத்துவீங்க?” என்று பெற்றோர் கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வாசிப்பும் கணக்கும் வராமல் தன்னம்பிக்கை மட்டும் தனியாக வளராது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பத்தான் கற்பிக்கிறார்கள். பெயர் மாறினாலும், பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து தொடங்குவது என்ற அடிப்படை மாறவில்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு. கேட்டால் தலையாட்டுவான், அவ்வளவுதான். அவன் அம்மா ஏலக்காய் தரம் பிரிக்கும் கூலி வேலைக்குப் போகிறவர். அளவுகள் பாடத்தின்போது வீட்டிலிருந்த பழைய சல்லடையைக் கொண்டுவரச் சொன்னேன். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் எந்தக் காய் நிற்கும், எது கீழே விழும், எதற்கு விலை அதிகம் என்று பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினான். வகுப்பே வாய் பிளந்து கேட்டது. மறுநாளிலிருந்து அவனிடம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரை ஒப்படைத்தேன், அட்டை சொல்லித்தர. வருடக் கடைசியில் காலை வழிபாட்டில் செய்தி வாசித்தான்.

அதனால்தான் அந்தப் பெண்ணிடம், “கட்டணம் கட்டுவதற்கு முன்னால் உன் மகனுக்கு என்ன தெரியும் என்று அவன் டீச்சரிடம் போய்ச் சொல்லும்மா. அதைப் பேச ஒரு வாய்ப்புக் கொடுக்கச் சொல்” என்றேன்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை சில:

பிள்ளையை நம்பி ஒரு உண்மையான வேலை கொடுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, தட்டு எடுத்து வைப்பது எதுவானாலும் சரி. சரியாக வரவில்லை என்று நீங்கள் மறுபடி செய்யாதீர்கள்.

கேள்வி கேட்டால் பதில் வரும்வரை காத்திருங்கள். விருந்தாளி முன்னால் பாடு, ஆடு என்று நிறுத்தாதீர்கள். “இவன் கூச்ச சுபாவம்” என்று அவன் காதுபடச் சொல்லாதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். போன மாதம் அவன் எங்கே இருந்தான் என்று பாருங்கள்.

பசியோடு அனுப்பாதீர்கள். பசித்த பிள்ளை பேசாது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஜீப் ஏறிப் போகும் தாய்மாருக்கு அது எவ்வளவு நிம்மதி என்பது நமக்குத் தெரியும்.

வேலைக்குப் போகும் அம்மாக்களுக்குக் கடைசியாக ஒன்று. நாள் முழுக்கப் பக்கத்தில் இல்லையே என்று மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். சாவியைக் கழுத்தில் போட்டு வந்த பிள்ளைகளில் நர்ஸ் ஆனவர்கள் இருக்கிறார்கள், கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், ஆசிரியராகவும் இருக்கிறார்கள். ராத்திரி பத்து நிமிடம் போனைத் தள்ளி வைத்துவிட்டு, “இன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் பிள்ளைகளைப் பற்றி எனக்கு எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர், போடி